கடலுக்குள் போட ஒரு சட்டை: வாங்குமுன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்!

"அண்ணாச்சி, போனஸ் வந்ததும் ஒரு ஜாக்கெட் வாங்கிரலாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் உட்காரும் தம்பி ஒருநாள் இப்படிக் கேட்டார். மும்பை வெயிலுக்கு எதற்கு ஜாக்கெட் என்று வாசகர்கள் யோசிக்க வேண்டாம். அவர் கேட்டது குளிருக்குப் போடுகிற ஜாக்கெட் அல்ல. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்களே, ஸ்கூபா டைவிங், அதற்குப் போடுகிற ஜாக்கெட். டைவர்கள் அதை 'பி.சி.டி.' என்பார்கள். சிலிண்டரைத் தாங்குவதும், காற்றை ஏற்றி இறக்கி ஆளைத் தண்ணீரில் மிதக்கவோ தாழவோ வைப்பதும் அதன் வேலை.

தம்பி சென்ற நவம்பரில் நண்பர்களுடன் மால்வண் போய்வந்தவர். கொங்கண் ரயிலில் குடாலில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போகிற ஊர். சிவாஜி கட்டிய சிந்துதுர்க் கோட்டை கடலுக்குள் நிற்கிறதல்லவா, அதன் அருகில் இருபது நிமிடம் தண்ணீருக்கடியில் இருந்து மீன்களைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று முதல் மனிதருக்கு லெட்ஜரில் கண் நிலைக்கவில்லை. அடுத்த விடுமுறை எப்போது, அடுத்த படகு எப்போது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். இப்போது சொந்தமாக ஒரு ஜாக்கெட்டே வேண்டுமாம்.

நானும் கணக்கெழுதிப் பிழைக்கிறவன்தான். நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பைத்தியம் பிடித்து, முறையாகப் படித்து, ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கடலில் இறங்குகிறவன். ஆகவே தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மும்பையிலும் கோவாவிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர் இப்போது மால்வணுக்கும், முருடேஷ்வர் அருகிலுள்ள நேத்ராணித் தீவுக்கும், கொஞ்சம் பணம் சேர்ந்தால் அந்தமானுக்கும் டைவிங்குக்காகப் போய்வருகிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம்.

முதலில் நான் கேட்ட கேள்வி: "தம்பி, மால்வணில் நீர் காற்றை ஏற்றினீரா, இறக்கினீரா?"

யோசித்தார். "இல்ல அண்ணாச்சி. பின்னால ஒருத்தர் சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். எல்லாம் அவர்தான் பாத்துக்கிட்டார்."

அதுதான் விஷயம். ஒருநாள் டைவில் நாம் பிரயாணி. ஓட்டுகிறவர் வேறு ஆள். நீச்சல் தெரியாதவர்களையும் அதனால்தான் அழைத்துப் போகிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர், மறுநாள் பஸ்ஸையே வாங்கக் கிளம்பினால் எப்படி?

உயிர் காக்கும் சட்டை அல்ல

இந்த ஜாக்கெட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. காற்றை ஏற்றிவிட்டால் மேலே வந்துவிடலாம், வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கப்பலில் தருகிறார்களே, ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புச் சட்டை, அது மயங்கிய மனிதனைக்கூட மல்லாத்தி, முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைக்கும்படி செய்யப்பட்டது. பி.சி.டி. அப்படிப்பட்டதல்ல. ஐரோப்பியத் தர விதிப்படி செய்யப்பட்ட ஜாக்கெட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இது உயிர்காப்புச் சட்டை அல்ல, அணிந்தவரின் தலையை மேலே வைத்திருக்கும் என்று உறுதி கிடையாது என்று அதிலேயே எச்சரித்து அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அந்த இடத்தைத் திருப்பிக் காட்டமாட்டார்.

அப்படியானால் அது எதற்கு? தராசுக்குத்தான். ஆளைத் தாழ்த்துவது ஈயக் கட்டி. ஆளை மிதக்க வைப்பது உடம்பில் போட்டிருக்கும் ரப்பர் நுரை உடையும் நுரையீரல் காற்றும். இரண்டு தட்டும் சமமாக இருந்தால் மனிதன் மேலும் போகாமல் கீழும் போகாமல் மீன் மாதிரி நிற்கலாம். இறங்க இறங்க ஒரு தட்டு கனத்துவிடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு பையில் கொஞ்சம் காற்று வேண்டும். அவ்வளவுதான் ஜாக்கெட்.

நம் தூத்துக்குடிக் குளியாட்கள் இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டவர்கள். காலைக் கயிற்று வளையத்தில் மாட்டி, கல்லோடு விர்ரென்று இறங்குவார்கள். அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஏறி வரும்போது பாரம் கிடையாது. மேலே கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று சொல்வார்கள். தங்கை தாலி சம்பந்தப்பட்டதல்லவா! சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவருக்கு மச்சானும் இல்லை, கழற்றிவிடும் கல்லும் இல்லை. ஈயத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அரைமணி, முக்கால்மணி நேரம் சஞ்சரிக்க வேண்டியிருக்கிறது.

பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் 1943-ல் சிலிண்டரிலிருந்து மூச்சுவிடும் கருவியைச் செய்தபோது இந்த ஜாக்கெட்டே கிடையாது. ஈயத்தை அளந்து கட்டிக்கொண்டு, மிச்சத்தை மூச்சாலேயே சமாளித்தார்கள். 1961-ல் ஃபென்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் கழுத்தில் மாட்டும் காற்றுப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். கை நுழைத்துப் போடுகிற ஜாக்கெட் 1971-ல்தான் வந்தது. ஜாக்கெட் வந்த பிறகு ஈயத்தை அளப்பதில் அலட்சியம் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். கூடிப்போனால் என்ன, காற்றை ஏற்றிக்கொள்ளலாம் என்கிற தைரியம்!

என் அனுபவம்

அந்தத் தைரியம் என்னிடமும் இருந்தது. படித்து முடித்த முதல் வருஷம். டைவிங்கை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய ஜாக்கெட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. எனக்கு இரண்டு அளவு பெரிது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே, நிறையக் காற்று கொள்ளுமே என்று வாங்கிவிட்டேன். தீபாவளிக்குச் சின்னப் பையனுக்கு வளர்ந்தாலும் ஆகும் என்று பெரிய சட்டை எடுக்கிற புத்தி.

படகில் ஈயம் கொடுப்பவர் எத்தனை கிலோ என்று கேட்டார். நான்கு போதும். தாழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எட்டு என்றேன். யாரும் மறுக்கவில்லை.

பத்து மீட்டர் ஆழத்தில் ஈயம் என்னை மணலில் உட்கார வைத்தது. பொத்தானை அழுத்திக் காற்றை ஏற்றினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். லேசாகக் கிளம்பினேன். பிறகு நான் கிளம்பவில்லை, ஜாக்கெட்தான் கிளம்பியது.

இங்கேதான் கணக்கு வருகிறது, நம்மைப் போன்றவர்களுக்கு எளிதில் புரிகிற கணக்கு. அதிகமாகக் கட்டிய ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் பையில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காற்று அதிகம் வேண்டும். நான்கு கிலோ அதிகம், ஆகவே நான்கு லிட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஐந்து மீட்டருக்கு ஏறினால் அது ஒன்றரை மடங்கு. பையிலுள்ள நான்கு லிட்டர் ஐந்தேகால் லிட்டருக்கு மேல் ஆகிவிடும். நீர்மட்டத்துக்கு வந்தால் எட்டு லிட்டர். ஏற ஏறப் பை உப்பும். உப்ப உப்ப இன்னும் வேகமாக ஏறும். வட்டிக்கு வட்டி போடுகிற மாதிரிதான்.

காற்றை இறக்கத் தோளில் ஒரு வால்வு இருக்கிறது. அதை இழுக்க ஒரு கயிறும் உண்டு. ஆனால் பெரிய ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டதால் கயிறு இருந்த இடம் மாறிப்போய், கை துழாவிக்கொண்டே இருந்தது. நான் பிழைத்தது ஒரே காரணத்தால். மூச்சை அடக்காதே, அடக்காதே என்று கற்றுக்கொடுத்தவர் மண்டையில் அடித்துச் சொல்லியிருந்தார். வாயிலிருந்து காற்றை விட்டுக்கொண்டே வந்தேன். அடக்கியிருந்தால் பையைப் போலவே நுரையீரலும் விரிந்திருக்கும். நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலந்தால் பிறகு வைத்தியர் கையில்கூட இல்லை.

மேலே வந்தும் நிம்மதி இல்லை. ஜாக்கெட் மிதந்தது, நான் அதற்குள் தொங்கினேன். தாடை தண்ணீரில். ஒவ்வொரு அலையும் வாய்க்குள் வந்துபோனது. ஈய பெல்ட்டைக் கழற்றி விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. டைவிங் விபத்துகளை ஆராய்கிறவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: இறந்தவர்களில் பெரும்பாலோர் ஈயத்தைக் கழற்றாமலே கிடைக்கிறார்கள்.

எத்தனை கிலோ தூக்கும்?

கடையில் முதலில் சொல்வது இதைத்தான். இருபது கிலோ தூக்கும், இருபத்தைந்து கிலோ தூக்கும் என்பார்கள். சில பெட்டிகளில் நியூட்டன் என்று போட்டிருக்கும். பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு எவ்வளவு தேவை? நம் கரைகளில் பெரும்பாலும் கிடைப்பது பதினோரு லிட்டர் அலுமினிய சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ. காற்றுக்கு எடை உண்டா என்று ஆச்சரியப்பட வேண்டாம். இதுதான் பலருடைய கணக்கைக் கவிழ்க்கிறது. டைவ் முடியும்போது அதில் இரண்டு கிலோ அளவுக்கு மூச்சாகப் போயிருக்கும், ஆளும் அவ்வளவு லேசாகியிருப்பார். நம் வெதுவெதுப்பான கடலுக்கு மூன்று மில்லிமீட்டர் நுரை உடை போதும்; ஆழத்தில் அது நசுங்குவதால் ஒன்றிரண்டு கிலோ மிதப்பு குறையும். ஆக, சரியான ஈயம் கட்டியவருக்குத் தண்ணீருக்கடியில் ஐந்து கிலோ தூக்கினால் போதும். மேலே தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்க இன்னும் நான்கைந்து கிலோ. பன்னிரண்டு, பதினைந்து கிலோ தூக்கும் பை தாராளம். பனிக்கடலில் தடித்த உடையும் இரும்புச் சிலிண்டரும் போடுகிறவர்களுக்குச் செய்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பெரிய பை தண்ணீரை எதிர்க்கும். உள்ளே காற்று இங்குமங்கும் ஓடி ஆளை உருட்டும்.

ஈயத்தை அளக்கும் முறையும் எளிதுதான். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் மிச்சம் இருக்கும்போது, நீர்மட்டத்தில் நிமிர்ந்து நின்று ஜாக்கெட்டில் உள்ள காற்றை முழுக்க இறக்குங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். அப்படியே தொப்பென்று போனால் ஈயம் அதிகம். ஒரு கிலோ குறைத்து மறுபடி பாருங்கள்.

எந்த மாதிரி?

மூன்று வகை பார்க்கலாம். வாடகைக்குக் கொடுக்கிற, கற்றுத் தருகிற இடங்களில் இருப்பது சாதாரண ஜாக்கெட். விலாவைச் சுற்றிக் காற்று நிறையும். மேலே மிதக்கும்போது சுகமாக நிமிர்த்தி வைக்கும். முழுக்க ஊதினால் மார்பை இறுக்கும். இரண்டாவது, காற்று முதுகுப்புறம் மட்டும் நிறைவது. தண்ணீருக்கடியில் படுத்தாற்போல் நீந்த அருமையானது. மேலே வந்து அதிகமாக ஊதினால் முகத்தை முன்னே தள்ளும். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, முதுகுத் தகடும் சிறகும். ஓர் உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீளப் பட்டை, பின்னால் வளையம் போலக் காற்றுப் பை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். பட்டையை இழுத்து விட்டால் எந்த உடம்புக்கும் பொருந்தும். பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றலாம், பட்டை தேய்ந்தால் பட்டையை மட்டும். எஃகுத் தகடு இரண்டரை, மூன்று கிலோ வரும். அந்த அளவு ஈயம் மிச்சம். அலுமினியத் தகடு அதில் பாதிகூட இராது. ரயிலில் போகிறவர் எஃகை எடுத்துப் போகலாம். விமானத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் பணம் பிடுங்குவார்கள் என்பவருக்கு அலுமினியம். தெரிந்த ஒருவரை வைத்து முதல் தடவை பட்டையை அளவாகக் கோத்துக்கொள்ள வேண்டும். அதுதான் இதிலுள்ள சிரமம்.

எது வாங்கினாலும், நுரை உடையைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் மாட்டிப் பாருங்கள். பனியன் மேல் மாட்டிப் பார்த்தால் அளவு தப்பும். முழுக்க ஊதிவிட்டுப் பெருமூச்சு விடுங்கள், விட முடிகிறதா? கடைக்காரரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை வந்தால் அது உங்களுடையது அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வால்வையும் தேடுங்கள். தோளில் ஒன்று, பின்னால் இடுப்பருகே ஒன்று. தலைகீழாக இருக்கும்போது பின்வால்வுதான் உதவும். ஜாக்கெட்டிலேயே ஈயப் பை இருந்தால் ஒரே கையால், ஒரே இழுப்பில் கழல வேண்டும். பெண்களுக்குத் தோளும் உடல் நீளமும் வேறு. ஆண்களுக்கான சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறத்துக்கும், ஏழெட்டுப் பைகளுக்கும், தொங்குகிற வளையங்களுக்கும் கொடுக்கிற காசு வீண்.

பழையதை வாங்கினால்

பழையது வாங்கலாம். நம் சம்பளத்துக்கு அதுதான் நியாயம் என்றுகூடச் சொல்வேன். புதிது பல பத்தாயிரம். ஆனால் படம் பார்த்து வாங்கக் கூடாது. சிலிண்டரோடு பொருத்தி, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு தானாகத் திறக்கும்வரை ஊதுங்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஓட்டை உண்டு. சாலில் குடியிருப்பவர்களிடம் தண்ணீர் டிரம் இருக்குமே, அதில் பகுதி பகுதியாக அமுக்கிப் பார்த்தால் குமிழி எங்கே வருகிறதென்று தெரிந்துவிடும். தையலில் வந்தால் திருப்பிக் கொடுங்கள். வால்வில் வந்தால் சரிசெய்யலாம்.

காற்றேற்றும் பொத்தானை இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். ஒரு தடவை ஒட்டிக்கொண்டாலும் வேண்டாம். கடலில் அது ஒட்டிக்கொண்டால் காற்று நிற்காமல் ஏறும். குழாயைப் பிடுங்கிவிட்டு வால்வை இழுப்பதற்குச் சில விநாடிதான் கிடைக்கும். பையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சரசரவென்று உப்பு உருளும் சத்தம் கேட்டால், வைத்திருந்தவர் ஒருநாளும் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசியதில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் உள்ளே கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, கொட்டிவிட்டு, பாதி ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் துணி போய்விடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி, "அப்போ வாங்கவா, வேண்டாமா?" என்றார்.

"முதலில் படியும்" என்றேன். நான்கு நாள் வகுப்பு. 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சல் சரியாக வராவிட்டால் அதை முதலில் முடிக்க வேண்டும். அதன் பிறகு பத்துப் பதினைந்து டைவ், வாடகை ஜாக்கெட்டிலேயே. வெவ்வேறு மாதிரி கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தால் உடம்பே சொல்லிவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவருக்குச் சொந்த ஜாக்கெட் தேவையே இல்லை. அலமாரியில் கிடந்து ரப்பர் கெடும். முகக் கண்ணாடியும் காலுறையும் சொந்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

கொஞ்சம் முகம் வாடியது. ஆனாலும் மறுவாரமே செம்பூர் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் காலை ஆறுமணிக்குச் சேர்ந்துவிட்டார். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் படகு விட ஆரம்பித்ததும் வகுப்புக்குப் போனார். இப்போது அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தேதி, இடம், ஆழம், எந்த அளவு ஜாக்கெட், எத்தனை கிலோ ஈயம் என்று கட்டம் போட்டு, நம் லெட்ஜர் மாதிரியே எழுதி வைத்திருக்கிறார். முதல் வரியில் ஏழு கிலோ. போன வாரம் காட்டியபோது கடைசி வரியில் நாலரை.